அப்பா ஏன் "மட்ஸா, பயோவா?" என்று கேட்கிறார்

பதினோராம் வகுப்பு முடியப்போகிறது. அடுத்த வருடம் என்னென்ன பாடம் எடுப்பது என்று பாடசாலையில் ஒரு படிவம் தருகிறார்கள். நீங்கள் வரலாறு, நாடகம், பொருளியல் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்பாவோ ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: "மட்ஸா, பயோவா?" ரொறன்ரோவிலும் இதே கேள்விதான், இலண்டனிலும் சிட்னியிலும் இதே கேள்விதான். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் இலங்கையின் ஏ.எல். பரீட்சைக்குப் போக வேண்டும்.

ஏ.எல். என்பது க.பொ.த. உயர்தரம். பல்கலைக்கழகத்துக்குப் போக அந்த ஒரு வாசல்தான். 1970களில் நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள். பொறியியலுக்குப் போக விரும்பியவர்கள் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் எடுத்தார்கள். மருத்துவத்துக்குத் தாவரவியல், விலங்கியல், பௌதிகம், இரசாயனம். நாட்டின் பெரும்பாலான கிராமப் பாடசாலைகளில் ஆய்வுகூடமும் இல்லை, விஞ்ஞான ஆசிரியரும் இல்லை. அங்கே படித்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது கலைப்பிரிவு மட்டுமே.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. 1816இல் அமெரிக்க மிஷன் அங்கே வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். மிஷன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் போட்டி போட்டு வளர்ந்தன. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை, காணியும் குறைவு. படித்து அரச உத்தியோகம் பெறுவதே பல குடும்பங்களின் வழியாக இருந்தது.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சிங்களம் தெரியாதவருக்கு எழுதுவினைஞர் வேலையும் நிர்வாக வேலையும் தூரமாகின. ஆனால் ஒரு பாலம் கட்டவோ ஒரு நோயாளியைப் பார்க்கவோ தெரிந்தவரை எளிதில் ஒதுக்க முடியாது என்று பெற்றோர் நம்பினார்கள். அதனால் பிள்ளைகள் இன்னும் அதிகமாக மட்ஸுக்கும் பயோவுக்கும் போனார்கள். 1970 அளவில் பொறியியல், மருத்துவ பீடங்களுக்குத் தெரிவானவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் தமிழர். 1971 கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் நாட்டின் சனத்தொகையில் சுமார் 11 வீதம்.

1970இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இதை மாற்ற முனைந்தது. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். ஒரே பரீட்சை, ஒரே பீடம், 23 புள்ளி வித்தியாசம். 240 எடுத்த ஒரு தமிழ் மாணவருக்கு அந்தப் பீடத்தில் இடமில்லை. அவர் மலையகத்துத் தோட்டப் பாடசாலையில் படித்திருந்தாலும், மன்னாரில் படித்த முஸ்லிம் மாணவராக இருந்தாலும், தமிழில் எழுதியிருந்தால் அதே 250தான்.

1973இல் வந்ததுதான் "தரப்படுத்தல்". ஒவ்வொரு மொழியிலும் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்களோ, அந்த விகிதத்தில் அந்த மொழியிலிருந்து தெரிவாகும்படி புள்ளிகளைச் சரிசெய்தார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. இடங்கள் மாவட்டத்தின் சனத்தொகைப்படி பிரிக்கப்பட்டன. அப்போது யாழ் மாவட்டத்தில் நாட்டின் சனத்தொகையில் 5 முதல் 6 வீதமே இருந்தது. அப்படியானால் 100 இடத்தில் அந்த மாவட்டத்துக்கு ஐந்தாறு இடம். விஞ்ஞான பீடங்களில் 1970இல் சுமார் 35 வீதமாக இருந்த தமிழரின் பங்கு, 1975இல் ஐந்தில் ஒன்றளவுக்கு இறங்கியது.

இந்தக் கதையை நம் வீடுகளில் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். ஆனால் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. கலைப்பிரிவில் பட்டம் பெற்றும் வேலையில்லாத சிங்களக் கிராமத்து இளைஞர்களின் கோபம் உண்மையானது. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற இடங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கும் வாசல் திறந்தது. யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகளுடன் அவர்கள் போட்டியிட முடியாத நிலை முன்பு இருந்தது. ஆய்வுகூடம் இல்லாத பிள்ளைக்குக் கைகொடுப்பது ஒன்று. எழுதிய மொழிக்காக ஒரு பிள்ளையின் புள்ளியைக் குறைத்து மதிப்பது இன்னொன்று. 1970களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து வந்தன.

விலை பெரிது. 1970இல் தமிழ் மாணவர் பேரவை உருவானது. பல்கலைக்கழகக் கதவு மூடியதாக உணர்ந்த இளைஞர்கள் பலர் போராட்ட அரசியலுக்குள் போனார்கள். வசதி இருந்தவர்கள் படிக்க வெளிநாடு போனார்கள். நம் குடும்பங்களில் சில இப்படித்தான் முதலில் வெளிக்கிட்டன. 1974இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறந்தது. இன்றைய யாழ் பல்கலைக்கழகம் அதுதான்.

மொழிவாரித் தரப்படுத்தல் 1970களின் இறுதியில் கைவிடப்பட்டது. மாவட்ட முறை வேறு வடிவத்தில் தொடர்கிறது. இன்று விஞ்ஞானப் பிரிவு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் வரை பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் இன்று யாழ்ப்பாணமும் இருக்கிறது. ஒரு காலத்தில் அதிகம் முன்னேறிய மாவட்டம் என்று இடம் குறைக்கப்பட்ட அதே யாழ்ப்பாணம். இடையில் வந்தது போர்.

ஆகவே அப்பா "மட்ஸா, பயோவா?" என்று கேட்கும்போது, அவர் கேட்பது உங்கள் விருப்பத்தை மட்டுமல்ல. எந்தக் கதவை யாராலும் மூட முடியாது என்று ஊரில் மூன்று தலைமுறை கணக்குப் பார்த்ததை அவர் திருப்பிச் சொல்கிறார். உங்கள் நாட்டில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நாடகம் எடுத்தாலும் வரலாறு எடுத்தாலும் உங்கள் மொழிக்காக 23 புள்ளி கூடுதலாக யாரும் கேட்கப்போவதில்லை.

படிவத்தில் கையொப்பம் வாங்குவதற்கு முன் ஒருநாள் அப்பாவிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள்: நீங்கள் ஏ.எல்.லில் என்ன பிரிவு? எந்த மாவட்டம்? அந்த வருடம் வெட்டுப்புள்ளி எவ்வளவு? பல வீடுகளில் இன்றும் அந்த எண்ணை மறக்காமல் சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகு உங்களுக்கு என்ன படிக்க விருப்பம் என்று சொல்லுங்கள். அப்போது பேச்சு வேறு மாதிரிப் போகும்.