பாக் நிரப்பாத பக்கங்கள்

ஆர்கன் கற்பவர் கைக்குச் சீக்கிரமே வந்துவிடும் நூல்களில் ஒன்று, யோகான் செபாஸ்டியன் பாக்கின் 'ஆர்கன் சிறுநூல்'. அதைப் பாடநூல் என்று சொன்னவர் பாக்தான். தொடக்கநிலைக் கலைஞர் ஒரு ஞானப்பாட்டைப் பலவிதமாக விரித்து வாசிக்கவும், பெடலில் கால் பழகவும் இது உதவும் என்று முகப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் அதே முகப்பில் அவர் தம்மைக் கோத்தன் அரசவை இசைத்தலைவர் என்கிறார். அந்தப் பதவி கிடைத்தது 1717இல். உள்ளே இருக்கும் 46 சிற்றிசைகளில் ஏறக்குறைய எல்லாமே அதற்கு முன், வைமார் அரண்மனைத் தேவாலயத்தில் அவர் ஆர்கன் வாசித்த காலத்தவை. பாடநூல் என்பது பிறகு வந்த பெயர். பிறக்கும்போது இது வழிபாட்டு நூல்.

கையெழுத்துப் படியே இதற்குச் சாட்சி. பாக் முதலில் 164 பாட்டுகளின் தலைப்புகளைப் பக்கங்களின் தலையில் எழுதி, இசைக்கு இடம் விட்டிருக்கிறார். முற்பகுதியின் வரிசை திருச்சபை ஆண்டின் வரிசை: திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ், பாடுகள், உயிர்த்தெழுதல். பெரும்பாலான பாட்டுகளுக்கு ஒரே பக்கம்தான். இடம் போதாத சில இடங்களில் கடைசி அடிகளைப் பழைய எழுத்துக்குறி முறையில் அடிப்பகுதியில் நெருக்கி எழுதியிருக்கிறார். இன்ன ஞாயிறுக்கு இன்ன பாட்டு என்று புரட்டி எடுக்கத் தோதான அமைப்பு இது.

பெடலுக்குத் தனிப் பங்கு தொடக்கத்திலேயே இருக்கிறதே, அது பயிற்சிக்காகத்தானே என்று கேட்கலாம். பயிற்சி நூல் எளியதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகும். இங்கே கிறிஸ்துமஸ் பகுதியிலேயே, 'இன் டுல்சி யுபிலோ'வில், மெட்டு ஒரு குரலை இன்னொரு குரல் துரத்தும் கானனாக வந்து நிற்கிறது. மேலும், பெடல் வெறும் அடித்தளமாக இருப்பதில்லை; பொருள் பேசுகிறது. ஆதாமின் வீழ்ச்சியைப் பாடும் பாட்டில் அது மீண்டும் மீண்டும் ஏழாம் இடைவெளியில் கீழே விழுகிறது. சபையார் சொற்களை மனப்பாடமாக அறிந்திருந்தால்தான் அந்த வீழ்ச்சி அவர்களுக்குக் கேட்கும்.

வழிபாட்டுக்கு என்றால் ஏன் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை வெறுமையாக விட்டார் என்பது வலுவான கேள்வி. கோத்தன் அரசவை கால்வினிய மரபினது, அங்கே இத்தகைய ஆர்கன் இசைக்குத் தேவையில்லை என்பது வழக்கமான விடை. அது பாதி விடைதான். வைமாரிலேயே வேகம் குறைந்துவிட்டது. 1714இல் மாதம் ஒரு கான்டாட்டா எழுதும் பொறுப்பு அவர் மேல் விழுந்ததை நான் பெரிய காரணமாகக் கருதுகிறேன். நிரம்பிய பக்கங்களில் பெரும்பகுதி பெருநாள்களுக்குரியவை, அதாவது உடனே தேவைப்பட்டவை. வழிபாட்டுக்கு எழுதுகிறவர் அவசரமானதை முதலில் முடிப்பார். கோத்தனில் அந்தத் தேவை நின்றபோது, கையில் இருந்ததை மாணவர்களுக்குப் பயன்படும்படி புதுப்பெயரிட்டார். நல்ல ஆசிரியர் செய்வது அதுதான்.

ஆகவே இந்த நூலை வாசிக்கிற மாணவருக்கும் கேட்கிற ரசிகருக்கும் ஒரு வேண்டுகோள்: ஆர்கன் சிற்றிசைக்குப் போகும் முன், அந்தப் பாட்டைச் சொற்களோடு ஒருமுறை பாடிப் பாருங்கள்.