விகிலியா

விகிலியா என்பது போலந்து நாட்டில் ஆண்டுதோறும் டிசம்பர் 24 ஆம் நாள் மாலையில், அதாவது நத்தார் (கிறிஸ்துமஸ்) பெருநாளுக்கு முந்திய மாலையில், குடும்பத்தினர் ஒன்றுகூடி உண்ணும் புலால் நீக்கிய உணவையும் அதனைச் சார்ந்த வழக்கங்களையும் குறிக்கும். போலந்து மக்களின் குடும்ப வாழ்வில் ஆண்டின் முதன்மையான நாள் இதுவே. டிசம்பர் 25 கூட இதற்கு அடுத்த இடத்தையே பெறுகின்றது எனலாம். கத்தோலிக்க மரபில் தோன்றியதாயினும், கோயிலுக்குச் செல்லும் பழக்கமற்ற பல குடும்பங்களும் இதனைக் கைவிடவில்லை. லித்துவேனியா, உக்ரைன், சிலோவாக்கியா முதலிய அயல்நாடுகளிலும் இதையொத்த மாலை உணவுகள் உள்ளன.

பெயர்

விழித்திருத்தல், காவலிருத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. பெருநாட்களுக்கு முந்திய இரவில் உறங்காது செபிக்கும் பண்டைக் கிறித்தவ வழக்கத்தை அது குறித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் "திருவிழிப்பு" என்னும் சொல்லும் இதே பொருளுடையது. போலிய மொழியில் பிற பெருநாட்களின் முன்னாளுக்கும் இச்சொல் பொருந்தும் என்றாலும், அடைமொழியின்றி வழங்கும்போது டிசம்பர் 24 ஐயே குறிக்கும்.

முதல் விண்மீனும் விரதமும்

வானில் முதல் விண்மீன் தோன்றும்வரை உணவு மேசையில் எவரும் அமர்வதில்லை. பெத்லகேம் விண்மீனை இது நினைவூட்டுவதாகக் கொள்ளப்படுகின்றது. விண்மீனைக் கண்டறிந்து சொல்வது வீட்டுச் சிறுவர்களின் பொறுப்பு. டிசம்பர் இறுதியில் வார்சாவில் பிற்பகல் மூன்றரை மணிக்குள்ளாகவே கதிரவன் மறைந்துவிடுவதால், அவர்கள் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. முகில் மூடிய நாட்களில் இருட்டியதும் உணவு தொடங்கிவிடும்.

உணவில் இறைச்சி இடம்பெறுவதில்லை, மீன் உண்டு. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இந்நாளைக் கட்டாயப் புலால் மறுப்பு நாளாகக் கொள்ளவில்லை. எனினும் போலந்து ஆயர்கள் பழைய வழக்கத்தைத் தொடருமாறு பரிந்துரைக்கின்றனர். மக்களும் சட்டத்தைவிட வழக்கத்தையே பின்பற்றுகின்றனர்.

ஒப்வாத்தெக் பகிர்தல்

விகிலியாவின் உயிர்நிலை எனத்தக்கது ஒப்வாத்தெக் என்னும் மெல்லிய அப்பத்தைப் பகிர்தலாகும். கோதுமை மாவும் நீரும் மட்டும் சேர்த்து, புளிக்கவைக்காமல், இரும்புத் தகடுகளுக்கிடையே சுட்டு எடுக்கப்படும் இதன்மேல் இயேசு பிறப்புக் காட்சிகள் புடைப்பாக அமைந்திருக்கும். நற்கருணை அப்பத்தை ஒத்திருப்பினும் இது திருப்பலியில் அர்ப்பணிக்கப்பட்ட நற்கருணை அன்று.

உணவுக்கு முன் ஒவ்வொருவரும் ஓர் அப்பத்தைக் கையில் ஏந்தி, மற்றொருவரின் அப்பத்திலிருந்து ஒரு துண்டை முறித்து உண்டு, அவருக்கு வரும் ஆண்டிற்கான வாழ்த்தைக் கூறுவர். வாழ்த்துப் பொதுப்படையாக அமைவதில்லை. நோயுற்றவருக்கு நலம், தேர்வெழுதுபவருக்கு வெற்றி என ஆளுக்கேற்பச் சொல்லப்படும். வீட்டிலுள்ள அனைவரும் அனைவரோடும் இதைச் செய்ய வேண்டியிருப்பதால், ஆண்டு முழுவதும் பேசாதிருந்த உடன்பிறந்தாரும் முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் நேர்கின்றது. பிணக்குடன் அப்பம் முறிப்பது தகாது என்பது நம்பிக்கை. பலருக்கு இச்சில நிமிடங்களே அம்மாலையின் கடினமான பகுதியாகவும் உள்ளன.

வெளிநாட்டில் வாழும் உறவினருக்கு ஒப்வாத்தெக்கை அஞ்சலில் அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அனுப்புபவர் ஒரு மூலையை முறித்துக்கொண்டு எஞ்சியதை உறையிலிடுவதும் உண்டு. சிற்றூர்களில் வண்ணமிட்ட ஒப்வாத்தெக் கால்நடைகளுக்கும் அளிக்கப்பட்டது. அன்று நள்ளிரவில் விலங்குகள் மனித மொழியில் பேசும் என்றும், அதை ஒட்டுக்கேட்பவருக்குத் தீங்கு நேரும் என்றும் நம்பினர்.

மேசையும் வெற்றிருக்கையும்

வெள்ளை மேசைவிரிப்பின் கீழ் சிறிது வைக்கோல் பரப்பப்படுகின்றது. இயேசு கிடத்தப்பட்ட தீவனத் தொட்டியை இது குறிக்கும். முற்காலத்தில் உழவர் வீடுகளில் அறையின் மூலைகளில் தானியக் கதிர்க்கட்டுகளும் நிறுத்தப்பட்டன. மணமாகாத பெண்கள் விரிப்பின் கீழிருந்து ஒரு தாளை உருவி, அதன் நிறத்தையும் நீளத்தையும் கொண்டு எதிர்காலத்தைக் கணிப்பது ஒரு விளையாட்டாக எஞ்சியுள்ளது. உண்பவர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பின் அடுத்த விகிலியாவுக்குள் ஒருவர் இறப்பார் என்ற அச்சமும் இருந்தது.

வந்திருப்போரைவிட ஒருவருக்குக் கூடுதலாகத் தட்டும் இருக்கையும் வைக்கப்படுகின்றன. எதிர்பாராது வரும் விருந்தினருக்காக என்பதே இதற்கு இன்று பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இதனடியில் பழைய படிவம் ஒன்று உள்ளது. அவ்விரவில் குடும்பத்து முன்னோரின் ஆவிகள் வீட்டிற்கு வருவதாக நம்பிய மக்கள், அமருமுன் இருக்கையை ஊதினர். ஆவியின்மேல் அமர்ந்துவிடலாகாது என்பது காரணம். எஞ்சிய உணவும் இரவு முழுவதும் மேசையிலேயே விடப்பட்டது.

1772 முதல் 1795 வரையான பிரிவினைகளால் போலந்து தன் அரசை இழந்தபின் வெற்றிருக்கைக்கு மற்றொரு பொருளும் சேர்ந்தது. 1830, 1863 ஆம் ஆண்டுகளில் தொடங்கிய எழுச்சிகள் உருசியப் பேரரசால் ஒடுக்கப்பட்டு, பலர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களின் வீடுகளில் அந்த இருக்கை திரும்பி வராதவருக்கு உரியதாயிற்று. 1940-41 இல் சோவியத் ஆட்சி மேற்கொண்ட நாடுகடத்தல்களின்போது இப்பொருள் மீண்டும் உயிர்பெற்றது. அண்மையில் இறந்த ஒருவரின் வழக்கமான இடமே வெற்றிடமாக விடப்படும் வீடுகளும் உண்டு. 2004 இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபின் பெருந்தொகையானோர் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் வேலை தேடிச் சென்றனர். அவர்களின் பெற்றோருக்கு இவ்விருக்கை வெறும் அடையாளமன்று.

உணவுகள்

பன்னிரண்டு வகை உணவு படைப்பது இன்றைய நியதி. பன்னிரு திருத்தூதர்களைக் குறிப்பது என்றும் ஆண்டின் பன்னிரு மாதங்களைக் குறிப்பது என்றும் கூறுவர். முற்காலத்தில் ஒற்றைப்படை எண்ணே விரும்பப்பட்டது. ஒவ்வொன்றிலும் சிறிதேனும் சுவைக்க வேண்டும். தவறவிட்ட உணவுக்கு ஈடாக ஓர் இன்பம் கைநழுவும் என்பர். எண்ணிக்கையை நிறைவுசெய்ய ரொட்டியையும் பழச்சாற்றையும் சேர்த்துக்கொள்ளும் வீடுகள் பல.

பீட்ரூட் கிழங்கைச் சில நாட்கள் நீரில் ஊறவைத்துப் புளிக்கச்செய்த சாற்றால் ஆக்கப்படும் பார்ஷ்ச் என்னும் சிவந்த சூப் பரவலானது. இதில் "சிறு காதுகள்" எனப் பொருள்படும் உஷ்கா இடப்படும். காளான் பூரணம் வைத்து மடித்த சிறு மாவுருண்டைகள் இவை. சில வீடுகளில் பார்ஷ்ச்சுக்கு மாறாகக் காளான் சூப்பே இடம்பெறும். இவ்விரண்டில் எது முறையானது என்பது புதுமணத் தம்பதியரின் முதல் விகிலியாவில் பெரும்பாலும் எழும் வினா. புளித்த முட்டைக்கோசும் காளானும் அடைத்த பியெரோகி (நம் கொழுக்கட்டையைப் போல மடித்து வேகவைப்பது), ஊறவைத்த ஹெர்ரிங் மீன், உலர்பழங்களை வேகவைத்த இனிப்பு நீர் ஆகியவை பிற. கிழக்குப் பகுதியினர் கோதுமை, கசகசா, தேன் சேர்ந்த குத்யாவை உண்பர். இது முன்னோர் வழிபாட்டுடன் தொடர்புடைய பழைய உணவாகும். கசகசா ஏனைய இனிப்புகளிலும் மிகுதியாகப் பயன்படுகின்றது.

கெண்டை மீன்

குளங்களில் வளர்க்கப்படும் கெண்டை மீனே விகிலியாவின் தலைமை உணவாகக் கருதப்படுகின்றது. இடைக்காலம் முதலே துறவியர் இதை வளர்த்தபோதும், இது ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் உரியதானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரேயாகும். போரில் மீன்பிடிக் கப்பல்கள் அழிந்திருந்த நிலையில், மலிவாகக் குளத்தில் வளரும் கெண்டையை அரசு ஊக்குவித்தது. அன்றைய தொழில் வணிகத்துறை அமைச்சர் ஹிலாரி மின்ட்ஸின் பெயர் இதனுடன் இணைத்துப் பேசப்படுகின்றது. பணியிடங்கள் தொழிலாளருக்குக் கெண்டை வழங்கின. ஆகவே தொன்மையான மரபென்று பலர் எண்ணும் இவ்வழக்கத்தில் பொதுவுடைமை ஆட்சிக்காலப் பொருளியலின் பங்கு பெரிது.

குளிர்பதனப் பெட்டிகள் அரிதாயிருந்த காலத்தில் மீனை உயிருடன் வாங்கி, குளியல் தொட்டியில் சில நாட்கள் வைத்திருப்பர். அதற்குப் பெயரிட்டுப் பழகிய குழந்தைகள் பின்னர் அதை உண்ண மறுத்த கதை இல்லாத குடும்பம் குறைவு. மீனின் செதிலொன்றைப் பணப்பையில் வைத்தால் ஆண்டு முழுவதும் பணம் குறையாது என்பர். மீன்களை நீரின்றிப் பையிலிட்டு விற்பது விலங்குவதையாகுமா என்ற வழக்கில், விற்பனையாளர் விடுவிக்கப்பட்ட தீர்ப்பைப் போலந்து உச்ச நீதிமன்றம் 2016 இல் நீக்கியது. உயிருள்ள கெண்டை விற்பனையைப் பல பேரங்காடிகள் நிறுத்திவிட்டன.

பரிசுகளும் பாடல்களும்

உணவுக்குப்பின் மரத்தடியில் பரிசுகள் பிரிக்கப்படும். பரிசு கொணர்பவர் யார் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்: போஸ்னான் பகுதியில் விண்மீன் மனிதர், கிராக்கோவ் பகுதியில் சிறு வானதூதர், சிலேசியாவில் குழந்தை இயேசு, பிற இடங்களில் புனித நிக்கொலா. ஸ்டாலின் காலத்தில் உறைபனித் தாத்தாவை முன்னிறுத்த அரசு முயன்றது. வீடுகளில் அவர் வேரூன்றவில்லை.

கொலெண்டா எனப்படும் நத்தார்ப் பாடல்களைக் குடும்பத்தினர் சேர்ந்து பாடுவர். 1830 ஆம் ஆண்டு நத்தாரை வியன்னாவில் வீட்டைப் பிரிந்து கழித்த பிரெடெரிக் சோப்பின், 1835 இல் வெளியான தம் முதலாம் ஸ்கெர்ட்சோவின் நடுப்பகுதியில் இத்தகைய தாலாட்டுப் பாடல் ஒன்றின் இசையைப் பயன்படுத்தியுள்ளார். நள்ளிரவில் பாஸ்தெர்கா என்னும் "இடையர் திருப்பலி" நடைபெறும்.

1981 உம் பின்னரும்

1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் படைத்துறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தினர் ஆயிரக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டனர். பதினொரு நாட்களில் வந்த விகிலியாவில் வெற்றிருக்கை பல வீடுகளில் உண்மையிலேயே வெற்றிருக்கையாக இருந்தது. நள்ளிரவுத் திருப்பலிக்காக அவ்விரவு மட்டும் ஊரடங்கு தளர்த்தப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வத்திக்கானில் தம் சாளரத்தில் மெழுகுதிரி ஏற்றினார்.

டிசம்பர் 24 நெடுங்காலம் வேலைநாளாகவே இருந்தது. சமையலுக்காகப் பெண்கள் விடுப்பெடுப்பதும் அலுவலகங்கள் நண்பகலோடு ஓய்வதும் வழக்கம். 2024 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி 2025 முதல் இந்நாள் பொது விடுமுறையாகும். இதற்கு ஈடாக, டிசம்பரில் நத்தாருக்கு முந்திய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளைத் திறக்க அச்சட்டம் இடமளிக்கின்றது.