சாவு வீட்டு கேசட்டும் மிசிசிப்பித் தாத்தாவும்

பதிவு நீளம். டீச்சர் மறுபடி பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நழுவாதீர்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

கப்பலில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வருஷம் சில அமெரிக்கப் பாட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். “டீச்சர், வார்த்தை புரியலன்னா பரவால்ல, குரலைக் கேளுங்க. நம்ம காசிமேட்டு ஆளுங்க மாதிரி இல்ல?” என்று எழுதியிருந்தான். கேட்டேன். பின்னால் அப்பளம் பொரிகிற மாதிரி ஓயாத இரைச்சல். அதற்கு நடுவே ஒருத்தர் பாடுகிறார். சங்கீதம் படித்த குரல் இல்லை, வேலை செய்து களைத்த குரல். அன்றிலிருந்து மத்தியான நேரமெல்லாம் இதைத் தேடிக் கேட்பதிலேயே போகிறது.

அவன் அனுப்பியவை 1952இல் ஃபோக்வேஸ் என்ற சின்ன கம்பெனி வெளியிட்ட அமெரிக்க நாட்டுப்பாடல் தொகுப்பிலிருந்து எடுத்தவை. ஹாரி ஸ்மித் என்பவர் தொகுத்தது. ஆறு எல்.பி. தட்டுகள், 84 பாட்டு. எல்லாமே 1920களின் கடைசியிலும் 1930களின் தொடக்கத்திலும் கிராமபோன் தட்டுகளாக வந்து, பிறகு மறந்துபோனவை. டைட்டானிக் கப்பல் மூழ்கியது ஒரு பாட்டு. ரயில் கவிழ்ந்தது ஒன்று. கொலைக் கதைகள் நிறைய. மிஷின் வந்ததால் பிழைப்பை இழந்த செருப்புத் தொழிலாளி ஒருவரின் பாட்டும் உண்டு. பின்னி மில் மூடியபோது எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்று பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு விளக்கம் தேவையில்லை.

இதெல்லாம் நமக்கும் இருந்தது. குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். கொலைச் சிந்து, வெள்ளம், பஞ்சம், ரயில் விபத்து என்று எது நடந்தாலும் சுடச்சுட அச்சடித்துத் தெருமுனையில் பாடி விற்பார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ படித்துப் பாருங்கள். அந்தப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ‘இன்ன மெட்டு’ என்று ஒரு வரி போட்டிருக்கும். அந்த மெட்டு இன்றைக்கு யாருக்குத் தெரியும்? எழுத்து மிஞ்சியது, குரல் போய்விட்டது.

அமெரிக்காவில் மட்டும் குரல் எப்படி மிஞ்சியது? அன்பினால் அல்ல, வியாபாரத்தால். 1927 கோடையில் ரால்ஃப் பியர் என்ற ஆள் பதிவு மிஷினைத் தூக்கிக்கொண்டு டென்னஸி எல்லையிலுள்ள பிரிஸ்டல் என்ற சிற்றூருக்குப் போனார். பாட்டுக்கு 50 டாலர் தருகிறேன் என்றதும் மலையிலிருந்து ஜனம் இறங்கி வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த ஜிம்மி ராட்ஜர்ஸ் அங்கேதான் முதலில் பாடினார். பாரமவுண்ட் என்ற இன்னொரு கம்பெனியின் முதலாளிகள் நாற்காலி செய்கிறவர்கள்! கறுப்பு மக்களின் பாட்டுக்குத் தனி வரிசை போட்டு விற்றார்கள். ஒதுக்கித்தான் விற்றார்கள். ஆனாலும் பதிந்தார்களே.

நம் நாட்டுக்கும் கம்பெனி வந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிந்தார்கள். பிறகு சென்னையிலும் பதிந்தார்கள். கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் தட்டுகள் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. ஏ.வி.எம். செட்டியாரே சினிமாவுக்கு முன்னால் சரஸ்வதி ஸ்டோர்ஸில் ஓடியன் தட்டு விற்றவர்தான். நான் பார்த்த பழைய பட்டியல்களில் கச்சேரி, நாடகம், அப்புறம் சினிமா, இவைதான் நிறைந்திருக்கின்றன. கிராமபோன் பெட்டி வாங்க வசதியுள்ளவன் எதைக் கேட்பானோ அதைத்தானே கடைக்காரன் பதிவான்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனோ ராயபுரம் கரையில் வலை இழுத்தவனோ வாடிக்கையாளர் இல்லை.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை. அந்தத் தட்டுகளெல்லாம் அரக்கில் செய்தவை. உலகத்துக்குப் பெரும்பாலான அரக்கு நம் இந்தியக் காட்டு மரங்களிலிருந்துதான் போனது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து குறைந்ததும் அமெரிக்காவில் பழைய தட்டுகளை உடைத்துக் கூழாக்கச் சேகரித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஹாரி ஸ்மித் குப்பை விலைக்கு வாங்கிச் சேர்த்தார். அரக்கு நம்முடையது, குரல் அவர்களுடையது.

இன்னொரு விஷயம். அவருடைய அந்தப் புகழ்பெற்ற தொகுப்பே பழைய கம்பெனிகளிடம் முறையாக அனுமதி வாங்காமல் போட்டதுதான். இப்படி வருவதை அவர்கள் ‘பூட்லெக்’ என்கிறார்கள். பூட்ஸுக்குள் சாராயப் பாட்டிலை ஒளித்துக் கடத்தியதால் வந்த பேராம். (நம் பக்கம் சைக்கிள் டியூபில் வந்தது. வடசென்னைக்காரர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை.) 1969இல் பாப் டிலனின் பாட்டுகளை யாரோ வெள்ளை அட்டையில் பேர்கூடப் போடாமல் விற்றது பெரிய செய்தி.

நமக்கு அந்தக் காலம் கேசட்டோடு வந்தது. பர்மா பஜாரில் டேப் ரெக்கார்டர், காலி கேசட். தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர். பாட்டு லிஸ்ட் எழுதிக்கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அத்தனையும் அனுமதியில்லாதது. ஆனால் அந்தக் காலி கேசட்டில்தான் நம் ஜனத்தின் சொந்தக் குரல் முதல்முறையாகத் தங்கியது. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கானா பாடுவார்கள். யாராவது ஒரு உறவுக்காரர் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிந்துகொள்வார்.

போன மாதம் இன்னொரு மாணவன், இப்போது அவனுக்கே பேரப்பிள்ளை இருக்கிறது, அப்படி ஒரு கேசட் கொண்டுவந்தான். அவன் அப்பா இறந்த ராத்திரி, 1994. அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கியவர். பாடுகிறவர் அவருடைய கொக்கியைப் பாடுகிறார், தோளில் காய்த்த தழும்பைப் பாடுகிறார், கண்டெய்னர் வந்தபின் வேலையில்லாமல் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததைப் பாடுகிறார். தெருப் பேர், டீக்கடை, பிள்ளைகளின் பேர் வரிசையாக வருகிறது. தன் பேர் வந்த இடத்தில் அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். இரண்டாம் பக்கம் பாதியில் டேப் ஒட்டிக்கொண்டு குரல் இழுத்தது, பிறகு வெறும் இரைச்சல். அட்டையில் பாடியவர் பேர் இல்லை. முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். வடசென்னைக் கூலித் தொழிலாளி ஒருவருடைய வாழ்க்கையை இவ்வளவு விவரமாக எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பிறகு கானா சினிமாவுக்குப் போனதும், தேவா, 2006இல் கானா உலகநாதன், 2012இல் கானா பாலா என்று ஊரெல்லாம் கேட்டதும் உங்களுக்கே தெரியும். நம் ராயபுரத்துப் பெண் இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் பேர் நிற்கும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிவிட்டு டீ குடித்துப் போனவர்களின் பேர்?

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று ஒருவர். 1928இல் சில பாட்டுகள் பதிந்தார், விற்கவில்லை, ஊருக்குத் திரும்பிக் கழனி வேலைக்குப் போய்விட்டார். ஹாரி ஸ்மித் தொகுப்பில் அவருடைய இரண்டு பாட்டு இருந்தது. ஆள் செத்துப்போயிருப்பார் என்றுதான் கேட்டவர்கள் நினைத்தார்கள். அவருடைய இன்னொரு பாட்டு, கிடைப்பதற்கரிய தட்டு, டேப் நகலாகச் சிலர் கைக்கு வந்தது. அதில் அவலான் என்று தன் ஊர்ப் பேரைச் சொல்கிறார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் தேடிப்போனார். தாத்தா அங்கேயே இருந்தார், எழுபது வயது, கையில் கிடார்கூட இல்லை. அந்த வருஷமே நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடினார். 1966இல் இறந்தார். கடைசி மூன்று வருஷமாவது மரியாதை கிடைத்தது.

நம் கேசட்டுகளில் ஊர்ப் பேர், தெருப் பேர், ஆள் பேர் கொட்டிக்கிடக்கிறது. 1990களில் இருபது இருபத்தைந்து வயதில் பாடியவர்கள் இன்றைக்கு உயிரோடு இருக்கும் வயதுதான்.

அதனால் கேட்கிறேன். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் பரண்மேல் இருக்கும் கேசட்டுகளை ஆயுதபூஜைச் சுத்தத்தில் தூக்கிப்போடாதீர்கள். பூஞ்சை பிடித்ததை நேராக டேப்பில் போட வேண்டாம், அறுந்துவிடும். முதலில் பென்சில் விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எந்த வருஷம், யார் வீடு, பாடியவர் யார், டோலக் அடித்தவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே செருகுங்கள். யூடியூபில் போடும் அவசரம் வேண்டாம். அது ஒரு வீட்டின் துக்கம், வீட்டாரைக் கேட்டுவிட்டுத்தான் எதுவும்.

என்னிடம் இரட்டை கேசட் டெக் ஒன்று இருக்கிறது. பெல்ட் புதிதாக மாற்றியாகிவிட்டது, கம்ப்யூட்டரில் ஏற்ற வயரும் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். எடுத்துக்கொண்டு வாருங்கள்.