பெங்களூரு வட்டாரத்தில் வீட்டுப் பால் ஆடு வளர்ப்பு

வீட்டுப் பால் ஆடு வளர்ப்பு என்பது ஒரு குடும்பம் தன் பால் தேவைக்காக இரண்டு முதல் நான்கு வெள்ளாடுகளைத் தோட்டத்திலோ சிறு நிலத்திலோ வைத்துப் பேணும் முறை. பெங்களூருவைச் சுற்றியுள்ள தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்புரா, கனகபுரா, ஆனேக்கல் பகுதிகளிலும் எல்லைக்கு அப்பால் ஓசூரிலும் தோட்ட நிலம் வாங்கும் நகரக் குடும்பங்கள் இதில் இறங்குகின்றன. இவ்வட்டாரத்து நாட்டு ஆடுகள் பெரும்பாலும் இறைச்சிக்கானவை. கறவை இனங்கள் வெளியிலிருந்து வருபவை. ஆயினும் பால் தொடர்ந்து கிடைப்பது ஆட்டின் விலையையோ இனப்பெயரையோ விட, ஈற்றையும் தழையையும் ஆண்டு முழுமைக்கும் திட்டமிடுவதைப் பொறுத்தது.

பின்னணி

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 14.88 கோடி வெள்ளாடுகள் இருந்தன. ஆட்டுப்பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் வகிக்கிறது. ஆயினும் நாட்டின் மொத்தப் பாலில் அதன் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடுதான்.

பெங்களூருவுக்குப் பால் ஆராய்ச்சியில் நீண்ட மரபு உண்டு. 1923இல் இங்கு அமைந்த கால்நடை, பால்வள நிறுவனமே பின்னர் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து, 1955இல் தலைமையகத்தைக் கர்னாலுக்கு மாற்றிக்கொண்டது. அதன் தென்மண்டல நிலையம் ஆடுகோடியில் உள்ளது. பாலைத் துறந்திருந்து, நோயுற்ற பின் 1919இல் ஆட்டுப்பாலை மட்டும் ஏற்ற காந்தி, 1927இல் இந்நிறுவனத்தில் மாடு வளர்ப்பைக் கற்றார்.

கர்நாடக நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் 2020இல் நீக்கப்பட்டபின், வேளாண் பின்னணி இல்லாதோரும் மாநிலத்தில் விளைநிலம் வாங்க வழி பிறந்தது.

இனங்கள்

நந்திதுர்கா ஆடு தென்கர்நாடகத்துக்கு உரியது, பெரும்பாலும் வெண்ணிறமானது. கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்துள்ளது. இவ்வட்டார வெயிலுக்கும் மேய்ச்சலுக்கும் பழகிய ஆடு என்றாலும் குட்டிகளுக்குப் போக மிஞ்சும் பால் குறைவு.

கறவைக்குப் பெயர் பெற்றவை வடநாட்டு இனங்கள். உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா பகுதியைச் சேர்ந்த ஜமுனாபாரி நீண்டு தொங்கும் காதும் வளைந்த மூக்கும் கொண்டது. பிரிட்டனின் ஆங்கிலோ நூபியன் இனம் உருவாக இதுவும் காரணம். பஞ்சாபின் பீட்டல் கறவையில் அதற்கு ஈடானது. இவ்விரண்டும் நல்ல பராமரிப்பில் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தரும். பார்பாரி உருவில் சிறியது, கட்டி வளர்க்க ஏற்றது. கேரளத்தின் தலச்சேரி ஆடு பால் சற்றுக் குறைவாகத் தந்தாலும் இரட்டைக் குட்டி ஈனுவதில் பெயர் பெற்றது; தென்னகத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவரும். சுவிட்சர்லாந்தின் சானென் இனத்துக்குப் பெங்களூருவின் 900 மீட்டர் உயரமும் மிதமான வெப்பமும் சமவெளியைவிட உகந்தவை. ஆனால் தீவனத்திலும் நோய்க் காப்பிலும் அதற்குக் கூடுதல் கவனம் தேவை.

தேர்வும் வாங்கலும்

ஆடு மந்தை விலங்கு. தனியாகக் கட்டிய ஆடு ஓயாது கத்தும், தீனி குறைக்கும்; எனவே தொடக்கத்தில் இரண்டு ஆடுகளாவது இருக்க வேண்டும். முதன்முறையாக வளர்ப்போருக்கு இரண்டாம் ஈற்று ஆடு ஏற்றது: அதன் கறவையை விற்பவர் வீட்டிலேயே கறந்து பார்க்கலாம், அதுவும் கறவைக்குப் பழகியிருக்கும். தலையீற்று ஆட்டுக்கும் புதிய கறவையாளருக்கும் சேர்ந்து பழகப் பொறுமை வேண்டும்.

வயதைப் பல்லில் அறியலாம். கீழ்த்தாடையின் முன்பற்கள் எட்டும் இணை இணையாக விழுந்து முளைக்கும். இரண்டு பல் என்றால் ஒன்றரை வயதையொட்டியும், நான்கு பல் என்றால் இரண்டு வயதையொட்டியும் எனக் கொள்வர். மடி மென்மையாக, கறந்தபின் சுருங்குவதாக, இரு காம்பும் ஒத்ததாக இருக்க வேண்டும். கட்டி தட்டுப்படும் மடி பழைய மடிநோயின் அடையாளம்.

சந்தை ஆடு மலிவாகக் கிடைக்கலாம். துமகூரு மாவட்டத்தின் அக்கிராம்புரா சந்தையிலும், பக்ரீத்தை ஒட்டிப் பெங்களூரு சாம்ராஜ்பேட்டை ஈத்கா திடலிலும் பல ஊர் ஆடுகள் ஒரே இடத்தில் கலக்கின்றன. தொற்றும் அங்கேயே பரவுகிறது. கறவைக்கு வாங்குவோர் தாயையும் தடுப்பூசி விவரத்தையும் பார்க்கக்கூடிய பண்ணையை நாடுவதே நல்லது. எங்கு வாங்கினாலும் மூன்று, நான்கு வாரம் தனியே வைத்து, குடற்புழு நீக்கி, கருச்சிதைவு நோய்க்கு இரத்தம் சோதித்தபின் மந்தையில் சேர்ப்பது முறை.

கொட்டில்

வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி கூரையிடமும் அதைப்போல் இரு மடங்கு திறந்தவெளியும் வேண்டும். ஈரம் ஆட்டுக்குப் பகை. செப்டம்பர், அக்டோபரில் பெங்களூருவில் பெய்யும் கனமழைக்குத் தரை மட்டக் கொட்டிலைவிடப் பரண் கொட்டில் உகந்தது: தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில், புழுக்கை விழும் அளவு இடைவெளிவிட்டுச் சட்டங்கள் அமைக்கப்படும். கீழே சேரும் புழுக்கை தோட்டத்துக்கு உரமாகும். தெருநாய்களும், பன்னேர்கட்டா, கனகபுரா பக்கம் சிறுத்தையும் வருவதால் இரவில் நாற்புறமும் வலையடைப்பு கட்டாயம்.

தீவனம்

வெள்ளாடு புல்லைவிடத் தழையை விரும்பும். அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா, வேலிமசால் ஆகியவற்றை வரப்பிலும் வேலியிலும் வளர்த்தால் புரதத் தேவையில் பெரும்பகுதி நிறைவேறும். பட்டுப்புழு வளர்க்கும் ராமநகரா, சிக்கபள்ளாப்புரா, கோலார் பகுதிகளில் மிஞ்சும் மல்பெரித் தழை மிகச் சத்தானது. கறக்கும் ஆட்டுக்குத் தழையோடு, கறக்கும் பால் லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் அடர்தீவனமும், தாது உப்புக் கலவையும், எப்போதும் நல்ல தண்ணீரும் வேண்டும்.

மிஞ்சிய சோறு, கேழ்வரகு மாவு முதலியவற்றை அளவின்றி வைத்தால் இரைப்பையில் அமிலம் மிகுந்து ஆடு ஓரிரு நாளில் இறக்கக்கூடும். அரளி, உண்ணிச்செடி, இளஞ்சோளப் பயிர், மரவள்ளித் தழை ஆகியவை நஞ்சாகலாம். நகர ஓரத்தில் அவிழ்த்துவிடும் ஆட்டுக்குப் பிளாஸ்டிக் பையும் எமனாகும்.

ஈற்றும் கறவையும்

ஆடு ஈனாமல் பால் இல்லை. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை திரும்பும். பகல் நீளம் மாறுவதையொட்டிப் பருவத்துக்கு வரும் ஐரோப்பிய ஆடுகள் ஆண்டில் ஒரு காலத்திலேயே ஈனும்; நம் நாட்டு ஆடுகளுக்கு அத்தகைய கட்டு இல்லை. எனவே இரண்டு ஆடுகளுக்கும் ஐந்தாறு மாத இடைவெளியில் கிடா சேர்த்தால், ஒன்று வற்றும்போது மற்றது கறவையில் இருக்கும். ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்துவர்.

குட்டிக்குப் பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்க வேண்டும். அதன்பின் சில வாரம் கழித்து, இரவில் குட்டிகளைப் பிரித்து அடைத்து, காலையில் ஒருவேளை மட்டும் கறந்துகொண்டு பகலெல்லாம் ஊட்டவிடுவது சிறு குடும்பத்துக்கு எளிய வழி. இரண்டு ஆடுகளுக்காகக் கிடா வளர்ப்பது செலவு. அதன் வீச்சம் பாலிலும் ஏறும். பக்கத்துப் பண்ணைக் கிடாவுக்கு விடுவதே நடைமுறை. ஆண்டுதோறும் பிறக்கும் கிடாக்குட்டிகளை விற்பதா, இறைச்சிக்குக் கொடுப்பதா என்பதைக் குடும்பம் முதல் ஆட்டை வாங்குமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நோய்கள்

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் 1987இல் தமிழ்நாட்டின் அரசூரில் பதிவானது. காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை இதன் குறிகள். ஒருமுறை போடும் தடுப்பூசி குறைந்தது மூன்று ஆண்டு காக்கும். துள்ளுமாரி நோய்க்கு மழைக்கு முன் ஆண்டுதோறும் ஊசி போடுவர். மழைக்காலத்தில் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சும். கண் இமையின் உட்புறம் வெளுப்பது அதற்கு அறிகுறி. புழு மருந்தை வாடிக்கையாகக் கொடுத்தால் புழுக்கள் அதற்குப் பழகிவிடும். புழுக்கையைச் சோதித்துக் கொடுப்பதே சரி. மருந்து கொடுத்தபின் மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை வீட்டுக்கு எடுக்கலாகாது. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், எலஹங்காவில் கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனமும் உள்ளன. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் உண்டு.

பாலின் இயல்பு

ஆட்டுப்பாலின் கொழுப்புத் துகள்கள் சிறியவை. கரோட்டின் இல்லாததால் பால் தூய வெண்ணிறம். லாக்டோஸ் இதிலும் உண்டு. பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இதுவும் ஒவ்வாது. ஃபோலேட் மிகக் குறைவு என்பதால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கக்கூடாது. டெங்கு பரவும் காலத்தில் தட்டணுக்களைக் கூட்டும் என்று நம்பி நகரங்களில் இதை அதிக விலைக்கு வாங்குகின்றனர். அதற்கு மருத்துவச் சான்று இல்லை. காய்ச்சாத பாலால் கருச்சிதைவு நோய்க் கிருமி மனிதருக்கும் தொற்றும். ஆகவே காய்ச்சியே குடிக்க வேண்டும்.