தேயிலைப் பெட்டி இறங்கிய மலை

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதை, வெளியூர்க்காரர்களுக்கு ட்ரெக்கிங் போகும் இடம். எங்கள் குடும்பத்துக்கு அது அப்பத்தா மூணாறு எஸ்டேட்டுக்குக் கொழுந்து எடுக்கப் போன வழி. போடியில் பிறந்தும் நெடுநாள் நான் அதில் கால் வைக்கவில்லை. உயரத்தைக் கண்டால் எனக்கு உள்ளங்கால் கூசும், தலை கிறுகிறுக்கும். வைகை அணை மேல் நடக்க மாட்டேன். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவைதான்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடமிருந்து மூணாறைச் சுற்றிய கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். சின்கோனா, காப்பி என்று பலதும் நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. விளைந்ததை வெளியே கொண்டுபோக வேண்டுமே! மேற்கே கொச்சிப் பக்கம் காடும் ஆறும் நீண்டு கிடந்தன. கிழக்கே மலை செங்குத்தாக விழுந்தாலும் அடிவாரத்தில் போடி இருந்தது. அதைத் தாண்டிப் போனால் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், இன்றைய கொடைக்கானல் ரோடு. அதனால் தேயிலை எங்கள் பக்கம் இறங்கியது.

1902-இல் மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பாரமெல்லாம் அந்த ஒரு தண்டவாளத்தின் மேல். வண்டி சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வரும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலப் பாதையில் சின்ன ரயிலே விட்டார்கள். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அது நின்றுவிடும். அங்கிருந்து பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு, 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். பிறகு மாட்டுவண்டியில் போடி. அந்தப் பெட்டிகள் கப்பலேறி இங்கிலாந்து வரை போயின.

1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. யாரும் மறுபடி போடவில்லை. நான்கு வருடம் கழித்து, 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. கீழே தண்டவாளம் வந்தபோது மேலே தண்டவாளம் இல்லை.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் பெட்டி இறங்கிய விதத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆட்கள் ஏறிய விதத்தைத்தான் விட்டுவிட்டார்கள் என்பது என் ஆதங்கம். பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வானம் பார்த்த பூமியிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன சனங்களுக்குக் கால்தான். அப்பத்தா தலையில் சட்டிபானையும் இடுப்பில் பிள்ளையுமாக ஏறியவள். “பயமா இல்லையா அப்பத்தா?” என்று கேட்டிருக்கிறேன். “பயந்துக்கிட்டேதான் போனோம். மழை பேஞ்சா மண்ணு வழுக்கும்ல” என்றாள். மலையில் பிழைத்தவர்களுக்கு உயரம் பழகிப்போய்ப் பயமே இருக்காது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016-இல் சித்தப்பாவோடு கிளம்பினேன். கம்பிவடத்துக்கு இடைநிலையம் இருந்த சென்ட்ரல் ஸ்டேஷன் இன்று ஒரு மலைக்கிராமம். அங்கே அவருக்குக் காப்பித் தோட்டம். இலவ மரங்களைத் தாண்டும்வரை பேசிக்கொண்டே நடந்தேன். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி, பள்ளம் அப்படியே வாயைத் திறந்தது. ஒரு வேரைப் பிடித்தவள் விடவில்லை. சித்தப்பா அதட்டவுமில்லை, கையைப் பிடித்து இழுக்கவுமில்லை.

“நின்னுக்கிட்டு எட்டிப் பாக்காதே தாயி. உக்காரு. உக்காந்து எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாரு.”

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கிறுகிறுப்பு அடங்கியது. இதற்கு மருத்துவ விளக்கம் உண்டு என்று பின்னால் படித்தேன். நிற்கும்போது நம் உடம்பு சதா லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பொருள்களைப் பார்த்துக் கண் அதைச் சரிசெய்கிறது. எதிரே வெறும் வெளியாக இருந்தால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை, ஆட்டம் கூடுகிறது. ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்ட் குழுவினர் 1980-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். உட்கார்ந்தால் அந்த ஆட்டம் குறைந்துவிடும். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டதைச் சித்தப்பா சுமை தூக்கித் தெரிந்துவைத்திருந்தார்.

இன்னும் சொன்னார். மூட்டை ஏற்றிய குதிரை எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது. இறங்கும்போது குதிகாலை ஊன்ற வேண்டும். பேச வேண்டுமானால் நின்று பேச வேண்டும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் விழுந்ததிலிருந்து பிறந்திருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் டாப் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன். மேலே கம்பிவடம் இருந்ததற்கான இடிபாடுகள் கிடந்தன. அங்கே உட்கார்ந்து, கொட்டகுடிப் பக்கம் கண்ணைத் திறந்து பார்த்தேன். இப்போது வைகை அணை மேலும் நடக்கிறேன்.

2018 மார்ச் 11 அன்று, இதே மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த இளையவர்கள்; பெண்கள் பலர். 23 உயிர்கள் போயின. காய்ந்த புல்லும் காற்றும் எப்படிச் சேரும் என்று அறிந்த ஒரு மலைக்காரர் கூடவே இருந்திருந்தால் என்று எங்கள் ஊரில் அன்று அழாதவர் இல்லை. அந்த வருடமே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது குரங்கணி–சாம்பலாறு வழியும் அதில் சேர்ந்தது. உள்ளூர் இளைஞர்களுக்கே பயிற்சி தந்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வருகிறவர்களிடம் செடி, பறவையோடு சேர்த்துக் கம்பிவடத்தையும், அதன் கீழே சட்டிபானையோடு ஏறிய பெண்களையும் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பத்தா காலத்து ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கேட்டுக் குறித்துவைக்க இதுதான் நேரம்.