கரையேறிய கப்பல்

வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, வணிகக் கப்பல் அதிகாரிகளாக இந்தியரைப் பயிற்றுவிக்க நாட்டில் ஒரு பள்ளி இல்லை. வெள்ளையர் கப்பல்களில் நம்மவர் லஸ்கர்களாகத் தளம் கழுவினர், உலைக்குக் கரி அள்ளினர். திசைகாட்டியும் கடல் வரைபடமும் பிறர் கையில் இருந்தன.

1927இல் பம்பாயில் நங்கூரமிட்டிருந்த பழைய துருப்புக் கப்பல் ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பலாகி அந்த அறிவை இந்திய மாணவர்க்குத் திறந்துவிட்டது. அவர்கள் கப்பலிலேயே தங்கிப் பயின்றனர். 1972இல் ‘ராஜேந்திரா’ அதன் இடத்துக்கு வந்தது. 1993இல் பள்ளி நவி மும்பையில் கரையேறி ‘சாணக்கியா’ ஆயிற்று. கடலோடிகளின் தகுதிக்கான 1978ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை, 1995இல் திருத்தப்பட்டபோது ராடார் பயிற்சிக்குச் சிமுலேட்டரைக் கட்டாயமாக்கியது.

2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் சாணக்கியாவும் இணைந்தது. வ.உ.சி.க்குக் கப்பல் கிடைத்தது. அதைச் செலுத்தும் கல்வி கிடைக்கத்தான் காலம் பிடித்தது.