குழந்தை வழி நடத்தைச் சிகிச்சை: ஆட்டிசத்தில் ஒரு முறையின் வரலாறு

ஆட்டிசம் உள்ள குழந்தை எதை நாடிப் போகிறதோ அதையே பாடமாக்கி, பேச்சையும் பிறரோடு பழகுவதையும் வளர்க்கும் பயிற்சிகளின் பொதுப்பெயர் குழந்தை வழி நடத்தைச் சிகிச்சை. சைக்கிள் டயரை ஓயாமல் சுற்றும் சிறுவனிடமிருந்து டயரைப் பிடுங்கி அவனை மேசை முன் உட்காரவைப்பது இந்த முறையில் கிடையாது. பெரியவர் அவன் எதிரே அமர்ந்து டயரைக் கையால் நிறுத்திக் காத்திருப்பார். சிறுவன் ஏறிட்டுப் பார்த்தாலோ, ‘சுத்து’ என்னும் சொல் வராமல் ‘சூ’ என்று மட்டும் சொன்னாலோ டயர் உடனே சுழலும். மிட்டாய் வேண்டியதில்லை, அந்தச் சுழற்சியே பரிசு. நிபுணரின் அறையிலிருந்து இந்த வித்தை வீட்டாரின் கைக்கு வந்து சேர்ந்ததுதான் அதன் வரலாறு. மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டி போன்ற ஊர்களின் வீடுகளிலும் இந்த முறையைக் கையாள முடிவது அதனால்தான்.

லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்த பிறகு, முதலில் ஓங்கியது கட்டளை வழிப் பயிற்சி. லாஸ் ஏஞ்சலிஸில் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போலப் பள்ளி செல்லும் நிலையை எட்டினார்கள். அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. ஆனால் நடத்தை அறிவியலுக்குள்ளேயே வேறொரு பாதை அதற்கு முன்பே பிறந்திருந்தது. கான்சாஸில் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குழந்தைகளின் பாலர் பள்ளியில் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். வகுப்பில் நிறங்களின் பெயரைச் சரியாகச் சொன்ன பிள்ளைகள் விளையாட்டில் அந்தச் சொற்களைத் தொடவே இல்லை. நிறத்தைச் சொல்லிக் கேட்டால்தான் பொம்மை கிடைக்கும் என்று ஆனதும் சொற்கள் தாமாக வந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இல்லை. ஆனாலும் கற்றது அறையைத் தாண்டுவதில்லை என்பதே ஆட்டிசப் பயிற்சியையும் வாட்டிய சிக்கல். சாண்டா பார்பராவில் ராபர்ட், லின் கோகல் இணையர் 1987இல் இந்தப் பாதையைப் பேசாத ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள். பொருளைக் குழந்தையே தேர்ந்தெடுக்கும், அரைகுறை முயற்சிக்கும் பலன் உண்டு, தெரிந்ததும் புதியதும் கலந்து வரும். 2015இல் லாரா ஷ்ரைப்மனும் பிற ஆய்வாளர்களும் இவ்வகை முறைகளை ஒரே குடும்பமாகத் தொகுத்துப் பெயரிட்டார்கள்.

விளையாட்டைச் சிகிச்சை என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள், 40 மணி நேரத்துக்குத்தான் சான்று இருக்கிறது என்பது முதல் மறுப்பு. லோவாஸின் ஆய்வில் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, ஆகவே அந்தச் சான்றும் அவ்வளவு உறுதியானதல்ல. ஜெரால்டின் டாசன், சாலி ரோஜர்ஸ் குழுவினர் 2010இல் 48 மழலைகளைக் குலுக்கலில் பிரித்துச் செய்த ஆய்வில் விளையாட்டு வழிப் பயிற்சி அறிவுத்திறனையும் மொழியையும் உயர்த்தியது. எனினும் 2019இல் மூன்று இடங்களில் 118 குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்தபோது மொழி வளர்ச்சி இரண்டு இடங்களில்தான் தெரிந்தது. ஆகவே அளவோடு சொன்னால் இந்த முறை நிற்கும். குணமாக்கிவிடும் என்று விளம்பரம் செய்தால் நிற்காது.

நம் பக்கத்துச் சான்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஆய்வு. 2016இல் வெளியான அதில் 65 குழந்தைகள் இருந்தார்கள். பிரிட்டனில் உருவான பெற்றோர் வழிப் பயிற்சியை நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் ஆறு மாதத்தில் 12 அமர்வுகளாக வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கறாராகப் பார்த்தால் அது நடத்தை அறிவியலில் பிறந்ததல்ல, வளர்ச்சி உளவியலில் பிறந்தது. ஆனால் குழந்தையின் போக்கைப் பின்தொடர்வதில் இரண்டும் ஒன்றே. பெற்றோர் குழந்தையோடு இசைந்து நடந்தார்கள், குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதியதால்தான் அந்த ஆய்வை நம்ப முடிகிறது.

தமிழ்நாட்டில், 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தென்காசி அருகே ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், பல்வகை வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கே களப்பணியாளர்களை அனுப்புகிறது. டி. கல்லுப்பட்டியில் 1940இல் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமம், கைத்தொழில் வழியே கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்வி மரபைச் சேர்ந்தது. 1937 வார்தா மாநாட்டில் உருவான அந்த மரபுக்கு ஆட்டிசத்தோடு நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் கையிலுள்ள வேலையிலிருந்தே பாடம் பிறக்க வேண்டும் என்னும் எண்ணம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

கூலி வேலைக்குப் போகும் தாயின் தலையில் இதையும் சுமத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் அது சுமைதான். குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் ஒரு நொடி காத்திருக்கச் சொன்னால் அவ்வளவு சுமையில்லை. அதையும் அவர் தானே கண்டுபிடிக்க முடியாது. யாராவது வீடு தேடி வந்து காட்ட வேண்டும். இதைவிடக் கடினமான கேள்வியை எழுப்புபவர்கள் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள். குழந்தையின் விருப்பத்தைத் தூண்டிலாக்கி அவனை மற்றவர்களைப் போல ஆக்கத்தானே இதுவும் என்கிறார்கள். கண்ணைப் பார்க்கவைப்பதே இலக்கானால் குற்றச்சாட்டு சரி. பசியையும் வலியையும் ‘வேண்டாம்’ என்பதையும் சொல்லவைப்பது இலக்கானால் அது பொருந்தாது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு ஆட்டிசத்தையும் பரிசோதிக்க வேண்டும். குழந்தையின் பேச்சிலோ பழக்கத்திலோ ஐயம் உள்ள பெற்றோர் அந்தக் குழுவிடம் இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம், கட்டணம் கிடையாது.